பெருவிரல் கூறிய சாட்சி
(தடயவியல்: மாணவர்க்கு ஓர் அறிமுகம்)

குற்றம் செய்தவனைத் தண்டித்தல் அரசின் கடமை. குற்றம் செய்யாதவனைத் தண்டியாது விடுதல் அதனினும் பெரிய கடமை. முன்னையதற்கு வன்மை போதும். பின்னையதற்கு அறிவு வேண்டும். சிலப்பதிகாரத்துப் பாண்டியன் இயல்பிற் கொடியவன் அல்லன். ஆயினும் பொற்கொல்லன் ஒருவன் கூறிய சொல்லை நம்பி, பொருளை ஆராயாது, கோவலன் உயிரைப் போக்க ஆணையிட்டான். சிலம்பினுள் இருந்த பரல் மாணிக்கமா, முத்தா என்ற ஒரு கேள்வியை அவன் அவையில் எவரும் கேட்டிலர். கண்ணகி வந்து சிலம்பை உடைத்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. அதற்குள் ஓர் உயிர் போயிற்று; பின்னர் ஒரு நகரமே எரிந்தது.

இதற்கு மாறான நிகழ்ச்சியொன்றைப் பெரியபுராணத்திற் காணலாம். சுந்தரரின் திருமணத்தைத் தடுத்த முதியவர் ஓர் அடிமை ஓலையைக் காட்டினார். சுந்தரர் அதனைக் கிழித்தெறிந்தார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் சென்றது. அவையோர் முதியவரின் தோற்றத்தையோ சுந்தரரின் சினத்தையோ கொண்டு தீர்ப்புக் கூறவில்லை. மூல ஓலையை வாங்கி, அதிலுள்ள எழுத்தைச் சுந்தரரின் பாட்டனார் முன்பு எழுதிய வேறோர் ஓலையின் எழுத்தோடு ஒப்புநோக்கிய பின்னரே முடிவு கூறினர். இன்று நீதிமன்றங்களிற் கையெழுத்து நிபுணர் செய்யும் வேலையும் இதுவே. ஆளின் சொல்லைவிடப் பொருளின் சொல்லை நம்பும் இம்முறையே விரிந்து வளர்ந்து, தடயவியல் என்னும் விஞ்ஞானத் துறையாக விளங்குகின்றது.

தடயவியல் என்பது யாது?

சட்டத்தின் முன் எழும் வினாக்களுக்கு விடை காண்பதற்கு இரசாயனம், பௌதிகம், உயிரியல், மருத்துவம், கணிதம் முதலிய துறைகளின் அறிவைப் பயன்படுத்துதலே தடயவியல் ஆகும். ஆதலின் இதனைத் தனியொரு விஞ்ஞானம் என்பதினும், பல விஞ்ஞானங்கள் நீதிமன்றத்திற் கூடும் ஒரு சந்தி என்பதே பொருந்தும்.

இத்துறைக்கு அடிப்படையான கருத்தொன்றை வகுத்தவர் பிரான்சு நாட்டினரான எட்மண்ட் லொக்கார் என்பவர். இவர் 1910 ஆம் ஆண்டு லியோன் நகரத்தில் பொலிஸ் ஆய்வுகூடம் ஒன்றை நிறுவினார். இரு பொருள்கள் ஒன்றையொன்று தொடுமிடத்து, ஒவ்வொன்றும் மற்றையதில் தன் சுவட்டை விட்டுச் செல்லும் என்பது இவர் கொள்கை. அக்கரப்பத்தனையின் தேயிலை மலையொன்றில் ஏறி இறங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மலையின் செம்மண் அவர் காலணியில் ஒட்டுகின்றது. காலணியின் வடிவம் ஈரமண்ணிற் பதிகின்றது. செடியில் உரசிய சட்டையின் நூல் கிளையில் நிற்கின்றது. செடியின் துகள் சட்டையில் நிற்கின்றது. அவர் வாய் திறந்து ஒன்றும் கூறாவிடினும், சென்ற வழியை இவை கூறும். இச்சிறு பொருள்களைக் கண்டெடுத்து, கலப்படமாகாது காத்து, ஆராய்ந்து, அவை எதைக் கூறுகின்றன, எதைக் கூறவில்லை என்று வரையறுத்தலே தடயவியலாளரின் தொழில்.

ஒரு தேயிலைத் தோட்டத்து வழக்கு

இந்திய நாட்டில் விரலடையாளம் ஒரு கொலை வழக்கிற் சாட்சியாக நின்ற வரலாறு தேயிலைத் தோட்டமொன்றிலேயே தொடங்குகின்றது என்பது மலையக மாணவர்கள் அறிந்துகொள்ளத்தக்கது.

பூட்டான் எல்லையை அடுத்துள்ள ஜல்பாய்குரி மாவட்டத்தில், 1897 ஆம் ஆண்டில், தேயிலைத் தோட்டமொன்றின் முகாமையாளர் தம் படுக்கையிற் கழுத்து அறுபட்டுக் கிடந்தார். அவருடைய கடிதப் பெட்டியும் இரும்புப் பெட்டியும் திறந்து கிடந்தன. சில நூறு ரூபாய்கள் களவு போயிருந்தன. கண்ணாற் கண்ட சாட்சி எவருமில்லை.

ஐயம் முதலில் எவர்மேற் சென்றது? தோட்டத் தொழிலாளர்மேற் சென்றது. இறந்தவர் வேலை வாங்குவதிற் கடுமையானவர் என்று பெயர் பெற்றிருந்தமையால், தொழிலாளருள் ஒருவரே வஞ்சம் தீர்த்திருக்கலாம் என்று கருதினர். சமையற்காரரின் ஆடையில் இரத்தக்கறை காணப்பட்டமையால் அவர்மேலும் ஐயம் எழுந்தது. முகாமையாளரோடு தொடர்பு கொண்டிருந்த பெண்ணொருத்தியின் உறவினர், அயலிற் கூடாரமடித்திருந்த காபூலியர் ஆகியோரும் ஐயத்துக்குத் தப்பவில்லை. முன்பு அவ்வீட்டிற் களவெடுத்துச் சிறை சென்ற வேலைக்காரன் ஒருவனைப் பற்றியும் பேச்சு எழுந்தது. அவன் சில வாரங்களுக்கு முன்னரே விடுதலையாகியிருந்தான்; ஆயினும் அவனை அம்மாவட்டத்திற் கண்டவர் எவருமிலர்.

இவ்விடத்திலேயே விஞ்ஞானம் இரு முறை பேசிற்று.

முதலாவது, சமையற்காரரின் ஆடையிலிருந்த கறை பற்றியது. எசமானரின் இரவு உணவுக்காகப் புறாவொன்றைக் கொன்றபோது பட்ட இரத்தம் அது என்று அவர் கூறினார். இரசாயனப் பரிசோதகரின் அறிக்கை அவர் கூற்றுக்குத் துணை நின்றது. பறவையின் இரத்தத்தையும் பாலூட்டியின் இரத்தத்தையும் எவ்வாறு பிரித்தறிவது? உயிரியல் பயிலும் மாணவர் இதற்கு விடை கூறவல்லர். பறவையின் செங்குருதிக் கலம் நீள்வட்ட வடிவினது. அதனுள் கரு உண்டு. பாலூட்டியின் செங்குருதிக் கலமோ, ஒட்டக இனம் நீங்கலாக, வட்ட வடிவினது. முதிர்ந்த நிலையில் அதனுட் கரு இல்லை. நுணுக்குக்காட்டியிற் காணத்தக்க இவ்வேறுபாடு, ஏழைச் சமையற்காரர் ஒருவரின் சொல் மெய்யா பொய்யா என்பதை அறிய உதவவல்லது.

இரண்டாவது, கடிதப் பெட்டியினுட் கிடந்த வங்காள மொழிப் பஞ்சாங்கம் ஒன்றைப் பற்றியது. அதன் இளநீல நிற மேலட்டையில் மங்கிய கபில நிறக் கறைகள் இரண்டு காணப்பட்டன. உருப்பெருக்கும் கண்ணாடியால் நோக்கியபோது, அவற்றுளொன்று வலக்கை விரலொன்றின் அடையாளமெனத் தெரிந்தது. கறைகள் பாலூட்டியின் இரத்தமெனப் பரிசோதகர் சான்று கூறினார். வங்காளப் பொலிசாரின் தலைமைப் பணிமனையில், தண்டனை பெற்றோரின் விரலடையாளங்கள் வகுத்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றோடு ஒப்புநோக்கியபோது, சிறை சென்று மீண்ட அவ்வேலைக்காரனாகிய காங்காலி சரண் என்பவனின் வலப் பெருவிரலுக்கு அந்த அடையாளம் முற்றும் பொருந்திற்று. சில நூறு மைல்களுக்கு அப்பாலுள்ள பீர்பூம் மாவட்டத்தில் அவன் கைதுசெய்யப்பட்டான்.

1898 ஆம் ஆண்டில் வழக்கு விசாரிக்கப்பட்டது. அதன் முடிவு முழுவழக்கினும் சிந்திக்கத்தக்கது. களவுக் குற்றம் ஐயமற நிறுவப்பட்டதெனக் கூறிய அசெசர்மார், கொலைக் குற்றத்துக்கு அவனைக் குற்றவாளியெனக் கூறுதல் தகாது என்றனர். பெருவிரலடையாளம், இரத்தம் தோய்ந்த கையோடு அவன் அப்பெட்டியைத் துழாவினான் என்பதைக் காட்டிற்று. கத்தியைப் பிடித்தவன் அவனே என்பதைக் காட்டவில்லை. அவனோடு வேறொருவன் வந்திருத்தலும் கூடும். களவுக்கு அளித்த தண்டனையை மேன்முறையீட்டு நீதிபதிகளும் உறுதிப்படுத்தினர்.

ஒரு தடயம் எவ்வளவு கூறுகின்றதோ அவ்வளவே நம்புதல் வேண்டும்; அதற்கு மேல் ஓர் அங்குலமும் செல்லுதலாகாது. இதுவே தடயவியலின் முதற் பாடம். இவ்வழக்கிலேயே இரண்டாம் பாடமும் அடங்கியுள்ளது. அப்பெருவிரலடையாளம் அகப்படாதிருப்பின், வாயற்ற தோட்டத் தொழிலாளர் எத்தனை பேர் எத்தனை நாள் ஐயத்தின் நிழலில் நின்றிருப்பர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கைநாட்டின் கதை

எழுத்தறியாத முன்னோர் பத்திரங்களிற் பெருவிரலை மையில் தோய்த்து வைத்ததைக் கைநாட்டு என்பர். இன்று அச்சொல் ஏளனச் சொல்லாகவும் வழங்குகின்றது. பாட்டியும் பாட்டனும் கைநாட்டுக்காரர் என்று கூற நாணும் மாணவரும் உளர். நாணுதற்கு நியாயம் யாதுமில்லை. கையெழுத்தைப் பிறர் பார்த்து எழுதிவிடலாம். கைநாட்டோ, பிறர் கையால் வைக்க இயலாத ஒப்பம் ஆகும்.

விரலின் நுனித்தோலிலுள்ள வரிகள், குழந்தை தாயின் கருவில் இருக்கும்போதே, ஏறக்குறைய மூன்றாம் திங்கள் முதல் ஆறாம் திங்களுக்குள் அமைந்து விடுகின்றன. அதன்பின் ஆளின் பருமன் வளரினும் வரிகளின் அமைப்பு மாறுவதில்லை. சிறு வெட்டுக் காயம் ஆறியதும் அதே வரிகள் மீளத் தோன்றும். உட்தோல் வரை சென்ற காயமே நிலையான வடுவை விடும். கருவினுள் விரல் அழுந்தும் நிலை, தோல் வளரும் வேகம் முதலிய சிறு காரணங்கள் பலவும் கூடி வரிகளை அமைப்பதால், ஒரே கருவிற் பிறந்த இரட்டையர்க்கும் விரலடையாளம் வேறுபடுகின்றது.

இவ்வரிகளை ஆட்சித் துறைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதல்வர் வில்லியம் ஹேர்ஷல் என்னும் ஆங்கிலேய அதிகாரி. 1858 ஆம் ஆண்டில் வங்காளத்தில் வீதி அமைப்பதற்குரிய கல் வழங்க உடன்பட்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் முழுக் கையையும் மையிட்டு ஒப்பந்தத்திற் பதிப்பித்தார். பின்னாளில், தாம் கையெழுத்திடவில்லை என்று அவர் மறுக்காதிருத்தற் பொருட்டே இவ்வாறு செய்தார். பிரான்சிஸ் கால்ற்றன் 1892 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், வரிகள் பிரியுமிடம், முடியுமிடம் முதலிய நுண்குறிகளைக் கொண்டு அடையாளங்களை ஒப்பிடும் முறையை விளக்கினார். அதே 1892 இல் தென்னமெரிக்காவின் ஆர்ஜன்ரீனா நாட்டிற் குழந்தைகள் இருவரின் கொலை பற்றி விசாரிக்கப்பட்டது. அயலவர் ஒருவர்மேற் பழி சுமத்தப்பட்டுத் துன்புறுத்தப்பட்ட பின்னர், கதவு நிலையில் இரத்தத்தாற் பதிந்திருந்த விரலடையாளம் தாயினுடையது என அறியப்பட்டது. அவ்வழக்கிலும் விரலடையாளம் முதலிற் செய்தது நிரபராதியை விடுவித்ததே.

பத்து விரல்களும் ஆயிரத்திருபத்துநான்கு அறைகளும்

விரலடையாளங்களைச் சேர்த்து வைத்தல் எளிது. ஆயிரக்கணக்கான தாள்களுள் வேண்டிய ஒன்றைத் தேடியெடுத்தல் அரிது. இச்சிக்கலைத் தீர்த்த வகுப்புமுறை, வங்காளப் பொலிஸ் தலைவராயிருந்த எட்வேர்ட் ஹென்றியின் பெயரால் வழங்குகின்றது. ஆயினும் அதன் கணித அமைப்புக்கு உழைத்தவர்கள் அவருக்குக் கீழ்ப் பணியாற்றிய அஸீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இந்திய அலுவலர் இருவராவர். பெயர் மேலதிகாரிக்கும் உழைப்புக் கீழுள்ளோர்க்கும் ஆன வரலாறு இதுவும் ஒன்று. பிற்காலத்திலேயே அரசு அவர்களுக்குப் பட்டமும் பணப்பரிசும் அளித்தது. 1897 ஆம் ஆண்டு கல்கத்தாவில் விரலடையாளப் பணியகம் அமைந்தது. 1901 ஆம் ஆண்டு இலண்டன் ஸ்கொட்லாந்து யாட்டும் இம்முறையை மேற்கொண்டது.

விரலடையாளங்கள் வளைவு, கண்ணி, சுழி என மூவகைப்படும். கண்ணியே பெரும்பான்மை, சுழி அதற்கு அடுத்தது, வளைவு மிகச் சிலவே. ஹென்றி முறையிற் சுழிக்கு மாத்திரம் எண் வழங்குவர். வலக்கைப் பெருவிரல் தொடங்கி விரல்களை 1 முதல் 10 வரை எண்ணுக. வலக்கையின் ஐந்தும் முடிந்தபின் இடக்கைப் பெருவிரல் 6 ஆம் விரலாகும். முதலிரு விரல்களிற் சுழியிருப்பின் 16, அடுத்த இரண்டில் 8, அடுத்த இரண்டில் 4, அடுத்த இரண்டில் 2, இறுதி இரண்டில் 1 என மதிப்பிடுக. இரட்டை விரல்களின் கூட்டுத்தொகையோடு 1 சேர்த்து மேலேயும், ஒற்றை விரல்களின் கூட்டுத்தொகையோடு 1 சேர்த்துக் கீழேயும் எழுதுக. ஒரு மாணவிக்கு வலப் பெருவிரலிலும் வல மோதிர விரலிலும் மாத்திரம் சுழி உண்டெனக் கொள்வோம். மோதிர விரல் 4 ஆவது, மதிப்பு 8, ஒன்று கூட்ட 9. பெருவிரல் 1 ஆவது, மதிப்பு 16, ஒன்று கூட்ட 17. எனவே அவள் தாள் 9/17 என்னும் அறையிற் சேரும்.

மேலெண் 1 முதல் 32 வரையும், கீழெண்ணும் அவ்வாறே 1 முதல் 32 வரையும் அமையலாம். ஆகவே அறைகள் 32 ஐ 32 ஆற் பெருக்கிய 1024 ஆகும். சுழி உண்டு, சுழி இல்லை என்னும் இரு நிலைகள் பத்து விரல்களில் அமையும் முறைகளும் 2 இன் பத்தாம் அடுக்காகிய 1024 ஏ. இன்று கணனியின் உள்ளே நிகழும் எண்முறையும் உண்டு, இல்லை என்னும் இவ்விரு நிலைகளையே கொண்டது. வகுப்பறையிற் கற்கும் அடுக்குக் கணிதம், நூற்றாண்டுக்கு முன்னரே நீதித்துறைக்குப் பயன்பட்டமையை இதனால் அறியலாம். ஒவ்வோர் அறைக்குள்ளும் மேலும் பல உட்பிரிவுகள் உண்டு. அறையெண் ஒத்தல் ஆள் ஒத்தலாகாது. நுண்குறிகள் ஒவ்வொன்றாக ஒத்தல் வேண்டும்.

கருவி ஒன்று, கை பல

விரலடையாளத்தின் வரலாறு நன்மையே நிறைந்ததெனக் கூறுதல் உண்மைக்கு மாறாகும். 1906 ஆம் ஆண்டு தென்னாபிரிக்காவின் திரான்ஸ்வால் பகுதியில், அங்கு வாழ்ந்த இந்தியர் யாவரும் விரலடையாளம் பதிந்து பத்திரம் பெறல் வேண்டும் எனச் சட்டம் கொணரப்பட்டது. குற்றம் செய்தவர்க்கு ஏற்பட்ட முறையை ஒரு சமூகம் முழுவதன்மேலும் சுமத்துதல் இழிவென எதிர்த்தே காந்தியடிகள் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கினார். அப்போராட்டத்திற் சிறை சென்றோருட் தமிழ்த் தொழிலாளரும் வணிகரும் பலர். ஒப்பந்தத் தொழிலாளரை ஐயத்தோடு நோக்கிய அரசின் கையில் விரலடையாளம் விலங்காயிற்று. ஜல்பாய்குரித் தோட்டத்தில் அதே விரலடையாளம் விலங்கை நீக்கிற்று. கருவி ஒன்றே, அதனைப் பயன்படுத்தும் கையே வேறு. ஆதலின் இவ்வறிவு அரசினரிடமும் நிபுணரிடமும் மாத்திரம் தங்கியிருத்தல் போதாது. பொதுமக்களிடமும் இருத்தல் வேண்டும்.

போற் மெயிலும் கொழும்பு வீடும்

1952 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், சென்னையிலிருந்து தனுஷ்கோடி நோக்கிச் சென்ற இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸ் புகையிரதத்தில், இரும்புப் பெட்டியொன்றுள் தலையற்ற உடலொன்று மானாமதுரையிற் கண்டெடுக்கப்பட்டது. போற் மெயில் என மலையகத்தார் அழைத்த அதே வண்டி இது. 1964 ஆம் ஆண்டுப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை, தோட்டங்களிலிருந்து ஊர் சென்று மீண்ட பல குடும்பங்கள் இவ்வழியே பயணம் செய்தன. தலை சென்னை இராயபுரம் கடற்கரையில் அகப்பட்டது. தலையும் உடலும் ஒருவருடையனவே என்பதைச் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஆய்வு காட்டிற்று. இறந்தவர் இன்னாரென்பதற்கு, அவர் முன்பு இராணுவத்திற் பணியாற்றியபோது பதிந்த விரலடையாளம் துணை செய்தது. ஆளவந்தார் கொலை வழக்கு என்று பெயர்பெற்ற இவ்வழக்கு, விரலடையாளம் குற்றவாளியைக் காட்டுதற்கு மாத்திரமன்றி, இறந்தோர்க்குப் பெயரை மீட்டுக் கொடுத்தற்கும் பயன்படும் என்பதைக் காட்டுகின்றது.

இலங்கையில் தடயவியலைப் பொதுமக்கள் பேச்சாக்கியது 1951 ஆம் ஆண்டு ஒக்டோபரில் கொழும்புப் பம்பலப்பிட்டியில் நிகழ்ந்த கொலையாகும். புகழ்பெற்ற கிரிக்கெற் வீரர் மகாதேவா சதாசிவத்தின் மனைவி கொல்லப்பட்டார். கணவர்மேற் குற்றம் சாட்டப்பட்டது. மரணம் எந்நேரத்தில் நிகழ்ந்தது என்பதே வழக்கின் உயிர்நாடியாயிற்று. கொழும்பிலிருந்த இலங்கைப் பல்கலைக்கழகத்தின் சட்ட மருத்துவப் பேராசிரியர் டி சேரமும், எடின்பரோவிலிருந்து வந்த சர் சிட்னி ஸ்மித்தும் இதுபற்றிச் சாட்சியம் அளித்தனர். 1953 ஆம் ஆண்டு ஜூரிமார் ஏகமனதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவரை விடுதலை செய்தனர்.

இறந்தவரின் உடல் குளிர்தலைக் கொண்டு நேரத்தை எவ்வாறு கணிப்பது? சூடான பொருள் குளிரும் வேகம், அதன் வெப்பத்துக்கும் சூழலின் வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்கு விகிதசமமானது என நியூற்றன் கூறினார். உயிருள்ள உடலின் வெப்பம் ஏறக்குறைய 37 பாகை செல்சியஸ். கொழும்பில் இரவு வெப்பம் 27 பாகை எனின் வித்தியாசம் 10. அக்கரப்பத்தனையிற் குளிரிரவொன்றில் 12 பாகை எனின் வித்தியாசம் 25. ஆகவே ஏனையவை ஒத்திருப்பின், குளிரும் வேகம் மலைநாட்டில் இரண்டரை மடங்காகும். கொழும்புக்குரிய கணக்கை அவ்வாறே டயகமவிற் பயன்படுத்துவோர் நேரத்திற் பெரும்பிழை செய்வர். உடையின் தடிப்பு, உடலின் பருமன், காற்று, ஈரம் என்பனவும் கணக்கை மாற்றும். அன்றியும் மரணத்தின் பின் சிறிது நேரம் உடல் குளிராதிருத்தலும் உண்டு. ஐரோப்பியக் குளிர்நாட்டில் வகுத்த விதிகள் வெப்பநாட்டுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை அறிய, டி சேரம், வெப்ஸ்ரர், கதிர்காமத்தம்பி ஆகிய மூவரும் கொழும்பில் நடத்திய ஆய்வு 1955 ஆம் ஆண்டு வெளியாயிற்று. உள்நாட்டு நிலைமைக்கு உள்நாட்டிலேயே ஆய்வு வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இரத்தத்திலிருந்து மரபணுவுக்கு

1897 இல் பரிசோதகர், கறை பாலூட்டியினது என்னும் அளவிற் கூறினார்; மனிதருடையதா, மாட்டினுடையதா எனக் கூறும் சோதனை 1901 ஆம் ஆண்டிலேயே ஜேர்மனியரான ஊலன்ஹூத்தால் வகுக்கப்பட்டது. அதே காலத்தில் லான்ட்ஸ்ரைனர் இரத்த வகுப்புகளைக் கண்டறிந்தார். ஆயினும் ஒரே வகுப்பினர் இலட்சக்கணக்கிற் காணப்படுவர். 1984 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லெஸ்ரர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெவ்றீஸ், ஆளுக்கு ஆள் வேறுபடும் மரபணுக் கோலங்களைக் கண்டறிந்தார். ஒரே கருவிற் பிறந்த இரட்டையர்க்கு மாத்திரம் இக்கோலம் ஒத்திருக்கும். இம்முறை முதன்முதற் கொலை வழக்கொன்றிற் பயன்பட்டபோது, குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த இளைஞன் ஒருவன் உண்மையிற் குற்றவாளி அல்லன் என்பதே முதலில் வெளியாயிற்று. உண்மைக் குற்றவாளி பின்னர் அகப்பட்டு, 1988 ஆம் ஆண்டு தண்டிக்கப்பட்டான்.

இதனையொத்த நிகழ்ச்சி இலங்கையிலும் உண்டு. 2015 ஆம் ஆண்டு கொட்டதெனியாவையிற் சிறுமியொருத்தி கொல்லப்பட்டாள். முதலிற் கைதானோருள் ஒரு பாடசாலை மாணவனும் இருந்தான். மரபணுச் சோதனை அவனுக்குப் பொருந்தவில்லை, அவன் விடுவிக்கப்பட்டான். அதன்பின் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கூறப்பட்டது. சோதனை அவருக்கும் பொருந்தவில்லை. இறுதியில் அவருடைய சகோதரருக்கே பொருந்திற்று; 2016 ஆம் ஆண்டு நீதிமன்றம் அவரைக் குற்றவாளியெனத் தீர்த்தது. ஊராரின் சினமும், பொலிசாரின் அவசரமும், ஒப்புதல் வாக்குமூலமும் ஒருங்கே பிழைத்துப்போகக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை. பொலிஸ் அதிகாரிக்கு அளித்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபித்தலாகாது என இலங்கைச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு 1895 ஆம் ஆண்டிலேயே விதித்திருப்பதன் பொருளும் இங்கு விளங்கும். அதே சட்டத்தின் 45 ஆம் பிரிவு, விஞ்ஞான விடயங்களிலும் கையெழுத்து, விரலடையாளம் பற்றியும் நிபுணரின் அபிப்பிராயத்தை நீதிமன்றம் ஏற்க இடமளிக்கின்றது.

நிபுணரும் பிழைப்பர் என்பதையும் மறத்தலாகாது. 2004 ஆம் ஆண்டு ஸ்பெயினின் மட்ரிட் நகரப் புகையிரதக் குண்டுவெடிப்பின் பின், பையொன்றிலிருந்த விரலடையாளம் அமெரிக்க வழக்கறிஞர் ஒருவருடையதென அமெரிக்காவின் மத்திய புலனாய்வுப் பணியகத்து நிபுணர் உறுதி கூறினர். அவர் சிறை வைக்கப்பட்ட பின்னர், அது வேறொருவருடையதென ஸ்பெயின் பொலிசார் காட்டினர். இருவரின் வரிகள் முற்றும் ஒத்திருக்கவில்லை. ஒத்திருப்பதாகக் கண்டது மனிதக் கண். ஆகவே ஒரு நிபுணரின் முடிவை, முதல் முடிவை அறியாத இன்னொருவர் சரிபார்த்தல் வேண்டும் என்பது இன்று வற்புறுத்தப்படுகின்றது.

மாணவர் செய்யத்தக்கவை

இவ்வறிவைப் பெறுவதற்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. துடைத்த கண்ணாடிக் குவளையொன்றில் விரலை அழுத்துக. பென்சிற் கரியை நுண்மையாகத் தூளாக்கி, மெல்லிய தூரிகையால் அதன்மேற் தடவுக. வியர்வையும் எண்ணெயும் படிந்த வரிகளில் தூள் ஒட்டும். ஒட்டு நாடாவால் அதனை எடுத்து வெள்ளைத் தாளிற் பதிக்குக. பின்னர் வகுப்பிலுள்ளார் பத்து விரல்களையும் முத்திரை மையாற் பதித்து, தத்தம் அறையெண்ணைக் கணித்து, வளைவு, கண்ணி, சுழி என்பவை எவ்விகிதத்தில் உள்ளன எனக் கணக்கிடலாம். கொழுந்து எடுத்துத் தேய்ந்த கைகளையுடைய தாய்மாரின் விரலடையாளம் தெளிவின்றிப் பதிவதையும் மாணவர் காணக்கூடும். வரி அழிந்துவிட்டதன்று, மேற்தோல் தேய்ந்துள்ளது. இதன் காரணமாக இயந்திரம் ஒருவரை ஏற்க மறுக்குமிடத்து, அது அவர் குற்றமன்று என்பதையும் அறிந்துகொள்ளலாம்.

இரண்டாவது, தடயத்தைக் காத்தல். லயத்தில் ஓர் அறையிற் களவு போனாலோ, ஒருவர் ஐயத்துக்கிடமாக இறந்து கிடந்தாலோ, இரக்கத்தினாலும் ஆவலினாலும் அயலார் யாவரும் உட்புகுவர், கதவைத் தொடுவர், பொருளை எடுத்துப் பார்ப்பர், சிலர் தரையைக் கழுவியும் விடுவர். அவர்கள் அறியாமலே சாட்சியை அழிக்கின்றனர். உயிர் காக்க வேண்டியவற்றைச் செய்த பின், அறையை அடைத்து, எவரும் புகாது ஒருவரைக் காவல் நிறுத்தி, பொலிசாரும் சட்ட வைத்திய அதிகாரியும் வரும்வரை காத்தலே அங்கு செய்யத்தக்க பேருதவி.

மூன்றாவது, பழி கூறுவதிற் பொறுமை. களவு போனால் வெற்றிலையில் மை தடவிப் பார்ப்பதும், குறி கேட்பதும் இன்னும் முற்றாக மறையவில்லை. அம்மையிற் தெரிவதாகக் கூறப்படும் முகம் பெரும்பாலும் ஊரார் முன்னரே ஐயுற்ற ஏழையின் முகமாகவே இருக்கும். பெருவிரலில் தடவிய மையோ, எவர் விரும்பினும் விரும்பாவிடினும், உள்ள வரியையே காட்டும்.

நீதிமன்றங்களுக்காக இரத்தம், நஞ்சு, வெடிபொருள் முதலியவற்றை ஆராயும் அரச பகுப்பாய்வாளர் திணைக்களமும், வைத்தியசாலைகளிலுள்ள சட்ட வைத்திய அதிகாரிகளும், பொலிஸ் திணைக்களத்தின் குற்றப் பதிவுப் பிரிவும் இந்நாட்டில் இப்பணியை ஆற்றுகின்றன. உயர்தர வகுப்பில் உயிரியலும் இரசாயனமும் பௌதிகமும் கற்போர்க்கு இவ்வாயில்கள் திறந்தேயுள்ளன. மலைநாட்டின் குளிரையும், லயத்தின் அமைப்பையும், தோட்டத்து மக்களின் மொழியையும் அறிந்த ஒருவர் அவ்வாய்வுகூடங்களில் இருப்பாராயின், ஜல்பாய்குரியிற் போலத் தொழிலாளர்மேல் முதலிற் செல்லும் ஐயம் அவர் மேசையில் நின்று ஆராயப்படும். ஆராயப்பட்ட பின்னரே நீதிமன்றத்தை அடையும்.